நாற்பதடி ரோடு

ஏனுங்க தம்பி, வெயில்ல நிக்கறீங்க? இப்படி நெழலுக்கு வாங்க. கையில இருக்கற அட்டையைப் பார்த்தாலே தெரியுது, எதுத்தாப்பல ஃப்ளாட் பார்க்க வந்திருக்கீங்க. சைட் ஆபீஸ்காரர் டீ குடிக்கப் போயிருக்காருங்க, பதினொண்ணரைக்கு மேலதான் வருவாரு. உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க.

எத்தனாவது மாடிங்க? ஒம்போதா? சரி சரி. காசு குடுத்து வாங்கப் போறவங்ககிட்ட நான் ஒண்ணும் சொல்றதில்லீங்க. அது என்ற பழக்கமே இல்லை. கேட்டாச் சொல்லுவேன். நீங்க கேக்கலை, பரவால்ல, சொல்றேன்.

அந்த அட்டையைச் செத்தக் குடுங்க. பாருங்க, படத்துல பதினாலு மாடிக் கட்டடம் நிக்குது. கீழ ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை நாய்க்குட்டியைப் புடிச்சுட்டு நடக்குது. கோயமுத்தூர்ல எந்த வெள்ளைக்காரி நாயைக் கூட்டிட்டு இந்த வீதியில நடக்கறா? அது போகட்டும். கட்டடத்துக்கு எதுத்தாப்பல என்ன போட்டிருக்கான்? மரம். வரிசையா ஏழு மரம், நடுவுல ஒரு நீரூத்து. நீங்க இப்ப உக்காந்திருக்கறது அந்த நீரூத்து மேலதானுங்க. இது என்ற ஊடு. நாச்சிமுத்து ஊடு. எழுவத்தெட்டுல லே-அவுட் போட்டப்ப வாங்குன அஞ்சு சென்ட்டு. அதை ஒருத்தன் கம்ப்யூட்டர்ல அழிச்சுப்புட்டு மரம் நட்டுட்டான்.

நான் அதுக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னு வீதியில பேசிக்கறாங்க. இல்லவே இல்லீங்க. நான் சட்டத்துக்காக நின்னவன். நான் முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டையர் ஆனவனுங்க. மளிகைக்கடைத் தராசு, எடைக்கல்லு, துணிக்கடை மீட்டர் கோலு, பெட்ரோல் பங்க்கு, எல்லாத்தையும் வருசா வருசம் சோதிச்சு முத்திரை குத்தறது எங்க டிபார்ட்மெண்ட்டு. முப்பத்திரண்டு வருசம். என்ற சொந்த மச்சான் கடைத் தராசுல பதினஞ்சு கிராம் குறைஞ்சுதுன்னு கேஸ் போட்டவன் நான். அதுக்கப்பறம் அவரு எங்க ஊட்டுப் படி ஏறலை. ஏறாட்டிப் போறாரு. அளவுன்னா அளவுதானுங்க, அதுல மச்சான் என்ன, மாமன் என்ன.

முந்தி எதுத்தாப்பல அந்த இடத்துல ஒரு இரும்புப் பவுண்டரி இருந்துச்சு. பம்புசெட்டு வார்ப்பாங்க. அது மூடி எட்டு வருசம் புதர் மண்டிக் கிடந்துச்சு. யாருக்கும் தொந்தரவில்லை, பாம்பு மட்டும் வரும். அதை ஒரு கம்பெனிக்காரங்க வாங்கினாங்க. வாங்கி, கீழ ரெண்டு மாடி காருக்கு, மேல பன்னெண்டு மாடி மனுசருக்குன்னு பிளான் போட்டாங்க. மாடிக்கு எட்டு ஊடு. தொண்ணூத்தாறு ஊடு.

எங்க நலச் சங்கத்துல கூட்டம் போட்டோம். கல்யாண மண்டபத்து டைனிங் ஹால்ல, சாம்பார் வாசத்துக்கு நடுவுல. கம்பெனிக்காரங்க ஒரு ஆர்க்கிடெக்ட் பையனை அனுப்பி வெச்சாங்க. அவன் சுவத்துல படம் போட்டுக் காட்டறான். நீச்சல் குளமுங்கறான், ஜிம்முங்கறான், நடக்கறதுக்கு ஆறாவது மாடியில ஒரு தோட்டமுங்கறான். எங்காளுங்க கேள்வி கேட்டாங்க பாருங்க! சாந்தி டீச்சர் எந்திரிச்சு, "எங்க மொட்டைமாடியில காயப்போட்ட துணியெல்லாம் மேல இருந்து தெரியுமே"ன்னாங்க. "மேடம், அத்தனை உயரத்துல இருந்து கலர் மட்டும்தான் தெரியும்"ங்கறான். அதுக்கு டீச்சர், "கலரு தெரிஞ்சாப் போதாதா?"ன்னாங்க. அப்பறம் ஒருத்தரு வாஸ்து கேட்டாரு. "எல்லா ஃப்ளாட்டும் வாஸ்துப்படிதான் சார்"ன்னான். ஒரு மாடியில எட்டு ஊடு இருக்குது, எட்டும் எப்படிங்க ஈசான்யத்துல பூசையறை வெக்கும்? யாரும் அதைக் கேக்கலை. வாஸ்துன்னு சொன்னதும் உக்காந்துட்டாங்க.

குப்புராஜுன்னு ஒருத்தரு, மூணு ஊடு தள்ளி இருக்காரு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. அவரு தண்ணியைக் கேட்டாரு, சாக்கடையைக் கேட்டாரு, தீப்புடிச்சா வண்டி எப்படி வரும்னு கேட்டாரு. நல்ல கேள்வி. கடைசியில ஒரு பொண்ணு எந்திரிச்சுச்சு. ஐ.டி.யில வேலை பார்க்கற பொண்ணு. "எல்லாரும் வேண்டாம் வேண்டாம்னு சொல்றீங்க. நாங்கெல்லாம் எங்க குடியிருக்கறது? வேலை இங்க, ஊடு இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளியா?"ன்னு கேட்டுச்சு. நல்லாத்தான் பேசுச்சு. ஆனா வாடகைக்குக் குடியிருக்கற பொண்ணுங்க, சங்கத்துல ஓட்டு இல்லை. அதனால மினிட்ஸ்ல ஏத்தலை. செக்ரட்டரி நான்தானுங்க, மினிட்ஸ் நான்தான் எழுதறது.

நான் எந்திரிச்சு ஒரே கேள்விதான் கேட்டேன். "தம்பி, படத்துல என்ற ஊடு எங்கே?" அந்தப் பையன் சிரிச்சான். "அது சும்மா ஒரு கற்பனை சார். பார்க்க அழகா இருக்கறதுக்காக"ன்னான். பார்க்க அழகா இருக்கறதுக்காக! ஹால்ல இருந்தவங்களும் சிரிச்சாங்க. சாந்தி டீச்சர் கூடச் சிரிச்சாங்க. நான் ஊட்டுக்கு வந்து கட்டட விதிப் புஸ்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு மூணு நாளு படிச்சேன். சுத்தியும் எத்தனை மீட்டர் விடணும், எத்தனை மாடிப்படி வேணும், தண்ணித்தொட்டி எவ்வளவு, எல்லாம் சரியாத்தான் வெச்சிருந்தான் கழுதை. நாலாம் நாள் சிக்குச்சு. அத்தனை உயரத்துக்குக் கட்டணும்னா முன்னால நாப்பதடி ரோடு இருக்கோணும். எங்க ரோட்டைப் பார்த்தாலே தெரியும், நாப்பது இல்லை. ரெண்டு பஸ்சு ஒட்டுக்கா வந்தா ஒண்ணு மரத்துல ஏறோணும்.

நான் துள்ளிக் குதிக்காத குறைதானுங்க. "அம்மிணி, கெடைச்சிருச்சு!"ன்னு சத்தம் போட்டேன். அம்மிணின்னா என்ற பொண்ணு, கோகிலவாணி. அவளைப் பத்தி இன்னும் சொல்லலையே. கட்டிக் குடுத்த இடம் சரியில்லீங்க. ரெண்டே வருசத்துல திரும்பி வந்துட்டா. அவங்கம்மா அதுக்கு முந்தியே போய்ச் சேர்ந்தாச்சு, ஊட்டுல நாங்க ரெண்டே பேரு. சும்மா உக்காந்து அழுதுட்டு இருக்கற ஆளு இல்லை அவ. ஊட்டுக்கு முன்னால ஒரு ரூமை இழுத்துக் கட்டி, ஷட்டர் போட்டு, ரெண்டு கிரைண்டர் வாங்கி மாவுக்கடை வெச்சா. இட்லி மாவு, ஆப்ப மாவு, ராகி மாவு. நான்தான் பெரிய மனசு பண்ணி விட்டேன். ஆறே வருசத்துல இந்த லே-அவுட்டுல அவ மாவு போகாத ஊடு இல்லீங்க. குப்புராஜ் ஊட்டுல தோசை சுட்டா அது எங்க மாவு.

அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? நான் விதியைப் படிச்சுக் காட்டறேன், அவ அரிசி களைஞ்சுட்டே கேக்கறா. கேட்டுப்புட்டு, "அப்பா, தொண்ணூத்தாறு அடுப்புங்கப்பா"ங்கறா. "அத்தனையும் வேலைக்குப் போற சனம். மாவாட்ட யாருக்கு நேரம் இருக்குது? நான் மூணாவது கிரைண்டருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். மனு கினு ஒண்ணும் போடாதீங்க." நான் சொன்னேன், சட்டம்னு ஒண்ணு இருக்குதம்மிணின்னு. அவ களையறதை நிறுத்திட்டு என்னையப் பார்த்தா. "அப்பா, நம்ம கடை எது மேல நிக்குது?"ன்னு கேட்டா.

அது வேறங்க. நீங்களே சொல்லுங்க, அது வேறதானே? முன்னால அஞ்சடி ரோட்டுப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தோம். எல்லாரும்தான் போட்டிருந்தாங்க. குப்புராஜ் காரு ஏறச் சாய்வா மேடை கட்டியிருந்தாரு, டீச்சர் மல்லிகைப் பாத்தி போட்டிருந்தாங்க, கோடி ஊட்டுல செப்டிக் டேங்க்கே அங்கதான் இருந்துச்சு. அது ஆக்கிரமிப்பு இல்லீங்க, ஒரு வசதி. பதினாலு மாடி கட்டறவனும் மாவாட்டறவளும் ஒண்ணா?

மனுப் போட்டேன். "சாலையை நேரில் அளந்து பார்த்து உயரக் கட்டடத்துக்கு அனுமதி மறுக்க வேண்டும்." ரெண்டே வரி. இருபத்தேழு பேரு கையெழுத்து. கோகிலாகிட்டயும் நீட்டுனேன். மாவுக்கையின்னு சொல்லிட்டுப் போயிட்டா.

நகரமைப்பு ஆபீஸ்ல இருந்து தமயந்தின்னு ஒரு அம்மிணி வந்துச்சு. சின்ன வயசுதான், முப்பது இருக்கும். கூட ஒரு சர்வேயர். அவங்க கொண்டுவந்த டேப்பை நான் பார்த்தேன், துணி டேப்பு. "இதெல்லாம் இழுத்தா நீளுமுங்க மேடம்"னு சொல்லி என்ற ஸ்டீல் டேப்பை எடுத்துக் குடுத்தேன். ஒரு முனையை நானே புடிச்சேன். வீதியே கூடி நிக்குது. அளந்தா, முப்பத்தோரு அடி நாலு இஞ்ச். எல்லாரும் கை தட்டுனாங்க. குப்புராஜ் என்னையக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. அன்னைக்கு அந்த ரெண்டு நிமிசம் இருந்துச்சே தம்பி, சர்வீஸ்ல கூட எனக்கு அப்படி ஒரு மரியாதை கெடைச்சதில்லீங்க.

அந்த அம்மிணி கை தட்டலை. பையில இருந்து பழைய லே-அவுட் பிளானை எடுத்து வண்டி மேல விரிச்சுச்சு. "சார், ஒரிஜினல் பிளான்ல இது நாப்பதடி ரோடு. எட்டடி எட்டு இஞ்ச் எங்க போச்சு?"ன்னு மெதுவாத்தான் கேட்டுச்சு.

அப்பறம் அந்த சர்வேயர் பூமியில இருந்த பழைய எல்லைக்கல்லை ஒவ்வொண்ணாத் தேடி எடுத்தாரு. டீச்சரோட மல்லிகைக்கு அடியில ஒரு கல்லு, குப்புராஜ் மேடைக்கு அடியில ஒரு கல்லு. எங்க கல்லு கடைக்குள்ள, கிரைண்டருக்குக் கீழ இருந்துச்சு. பவுண்டரிக்காரன் மூணடி எட்டு இஞ்ச் வெளிய வந்திருந்தான், நம்ம பக்கம் அஞ்சடி. கூட்டிப் பாருங்க, கணக்கு அத்தனை சுத்தமா வருது. ஊடு ஊடாச் சுவத்துல சிவப்புப் பெயிண்ட்ல கோடு போட்டுக்கிட்டே போனாங்க. முக்குல இருக்கற பிள்ளையார் கோயிலையும் அளந்தாங்க. எங்க லே-அவுட்டுல தன் இடத்துல ஒழுங்கா உக்காந்திருந்தது அவரு ஒருத்தர்தான்.

அதோட விட்டுச்சா அந்த அம்மிணி? எல்லைக்கல்லுக்கு உள்ள, மனையிலயே முன்னால ஏழடி காலியிடமா விடணும்னு எங்க ஊட்டுப் பிளான்லயே இருக்குதாம், மீதிக் கடை அதுலதான் நிக்குதாம். இருக்குதுங்க, நான் கையெழுத்துப் போட்ட பிளான்தான். பிளான்ல அப்படித்தான் காட்டுவாங்க. காட்டுனதையெல்லாமா கட்டுவாங்க? கேட்டேன். "நீங்கதான சார் அளக்கச் சொல்லி எழுதிக் குடுத்தீங்க"ன்னுச்சு.

நோட்டீஸ் வந்துச்சு, பதினஞ்சு நாள் டைம் குடுத்தாங்க. ஜே.சி.பி. வர்றதுக்கு முந்தின நாளு கோகிலா ரெண்டு கிரைண்டரையும் கழுவி, துணியால தொடைச்சு, ஆளைவிட்டுப் பின்பக்கம் தூக்கி வெச்சு, தார்பாய் போட்டு மூடினா. ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் எங்க ஊட்டுல அரிசி ஊறலீங்க. வாடிக்கைக்காரங்க மாவு வாங்கத் தூக்குப்போசியோட வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனாங்க. மறுநாள் வண்டி வந்துச்சு. டிரைவரே எறங்கி, "அக்கா, ஷட்டரைக் கழட்டிக்கறீங்களா, எங்கியாச்சும் மாட்டிக்கலாம்"னு கேட்டான். அவ சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா. முந்தின நாள் பழக்கத்துல பூட்டிப்புட்டா போல. பூட்டுன கடையைத்தான் இடிச்சாங்க.

நான் சும்மா இருக்கலீங்க. சண்டை போட்டேன். போட்ட கோட்டுக்கு மேல மூணு இஞ்ச் அதிகமா இடிச்சுப்புட்டான் அந்த டிரைவர். அளந்து காட்டுனேன். அதுக்கும் ஒரு மனுப் போட்டிருக்கேன், இன்னும் நிலுவையில இருக்குது.

ரோடு நாப்பதடி ஆச்சு. அந்த வாரமே கட்டடத்துக்கு அனுமதி. பூசை போட்ட அன்னைக்குக் கம்பெனி மேனேஜரு ஒரு அல்வாப் பொட்டியோட ஊட்டுக்கு வந்தாரு. "சார், ரோட்டை அகலப்படுத்திக் குடுங்கன்னு நாங்க ரெண்டு வருசமா அலைஞ்சோம். ஒண்ணும் நடக்கலை. நீங்க ஒரே மனுவுல முடிச்சுக் குடுத்துட்டீங்க. உங்களை மாதிரி ஒரு பொதுநலவாதி கெடைக்க மாட்டாங்க"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. கிண்டல் பண்றாரான்னு மூஞ்சியைப் பார்த்தேன். இல்லீங்க, நெசமாத்தான் சொன்னாரு. அல்வா நல்லாருந்துச்சு.

வீதியில ஒருத்தரும் என்னோட பேசறதில்லை. பொறாமை. கையெழுத்துப் போட்ட இருபத்தேழு பேரும் இப்ப, நாங்க படிச்சுப் பார்க்காமப் போட்டோமுங்கறாங்க.

கோகிலாவா? அவ இங்க இல்லீங்க. இடிச்சு பத்து நாள்ல போயிட்டா. பின் வீதியில ஒரு ரூம் எடுத்திருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லை. பையை எடுத்துக்கிட்டு வந்து நின்னு, "அரிசி நீலப் போசியில இருக்குது. ரசப்பொடி மேல் தட்டுல. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முந்திப் போடுங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதான். இப்ப ஊடு அமைதியா இருக்குது. கிரைண்டர் சத்தம் இல்லை, ஈ இல்லை, கத்தறதுக்கு ஆள் இல்லை. காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருது. அந்தச் சத்தத்துலயே எந்திரிச்சுப் பழகிட்டேன், இப்ப அது இல்லாமலே முழிப்பு வருது. எந்திரிச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியலீங்க.

அவளுக்குக் கடை கெடைச்சுருச்சு. அதோ பாருங்க, கட்டடத்துக் கேட்டுக்குப் பக்கத்துல, பச்சை ஷட்டரு. கம்பெனிக்காரங்களே போய்க் கேட்டுக் குடுத்திருக்காங்க. குடி வரப்போறவங்களுக்கு மாவுக்கடை வாசல்லயே இருந்தா ஒரு பெருமைதானுங்களே. இங்க உக்காந்தா நேரா தெரியும். அதுக்காக நான் இங்க உக்காரலை, இங்கதான் நெழல் இருக்குது.

போன மாசம் இந்தக் குப்புராஜ் என்ன பண்ணுனாரு தெரியுங்களா? அவரு மேடை போன கடுப்புல, அந்தக் கடைப் படிக்கட்டு ரோட்டுல நீட்டிட்டு இருக்குதுன்னு மனுப் போட்டுட்டாரு. என்னையப் பார்த்துக் கத்துக்கிட்டது! தமயந்தி அம்மிணி மறுக்காவும் வந்துச்சு. வந்து நேரா என்கிட்ட, "சார், உங்க ஸ்டீல் டேப்பு இருக்குதுங்களா? ஒரு முனையை எல்லைக்கல்லுல நீங்களே புடிங்க. நீங்க புடிச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க"ன்னுச்சு.

நான் எடுத்துட்டுப் போனேன். கோகிலா கடைக்குள்ள நின்னுட்டு இருந்தா. நான் அவளைப் பார்க்கலை. குனிஞ்சு கல்லுகிட்ட முனையை வெச்சேன். படிக்கட்டு ஒரு அடி மூணு இஞ்ச் வெளிய நிக்குதுங்க. எனக்கு அளக்கவே வேண்டாம், பார்த்தாலே சொல்லுவேன். அந்த அம்மிணி அந்தப் பக்கம் டேப்பைப் படிச்சு, "சரியா இருக்குது, ஒரு இஞ்ச் கூட நீட்டலை"ன்னு சொல்லுச்சு.

வெயிலுங்க. மத்தியானம் பன்னெண்டு மணி, கண்ணு கூசுது. கல்லு எங்க இருக்குது, கை எங்க இருக்குதுன்னு தெரியலை. எழுவத்திரெண்டு வயசு ஆச்சு. கை ஒரு அடி மூணு இஞ்ச் தள்ளிப் போகறது சகஜம்தானே. அந்த அம்மிணி என்ற கையைப் பார்த்துச்சு. அப்பறம் மூஞ்சியைப் பார்த்துச்சு. எழுதிக்கிச்சு. குப்புராஜ், "நாச்சிமுத்தண்ணனே புடிச்சாரா? அப்பச் சரிதான்"னு போயிட்டாரு. சர்வீஸ்ல ஒரு நாளு கூட நான் அப்படிப் பண்ணுனதில்லீங்க. ஊட்டுக்கு வந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன். அவ பார்த்தாளா இல்லையான்னு தெரியலை.

அதோ ஆபீஸ்காரர் வந்துட்டாரு. போங்க, போய்ப் பாருங்க. ஒம்போதாவது மாடியில நல்லாக் காத்து வருமாம், சொல்லிக்கறாங்க. வாங்கறதுன்னா வாங்குங்க தம்பி, நான் வேண்டாம்னு சொல்லலையே? தொண்ணூத்தாறும் நெறஞ்சா நல்லதுதானே. காலி ஊடு கெடந்து என்ன பிரயோசனம்?

ஒரு உதவிங்க. திரும்பி வரும்போது அந்தக் கடையில அரைக் கிலோ மாவு வாங்கிட்டு வந்து குடுக்கறீங்களா? இப்படித்தான் வர்றவங்க போறவங்ககிட்டச் சொல்லி வாங்கிக்கறது. யாருக்குன்னு கேட்டா உங்களுக்குன்னே சொல்லுங்க. போன வாரம் அந்தக் கூரியர்காரரு, "எதுத்த ஊட்டுப் பெரியவருக்கு"ன்னு உண்மையைச் சொல்லிப்புட்டாரு. குடுக்காம அனுப்பியிருப்பாளோன்னு நான் அவரு கையைத்தான் மொதல்ல பார்த்தேன். கரண்டியில எடுத்து ஊத்திக் கட்டிக் குடுத்தாளாம். கொண்டுவந்து எடை போட்டுப் பார்த்தனுங்க. பழக்கம், என்ன பண்றது. அரைக் கிலோன்னு கேட்டதுக்கு அறுநூத்தி அம்பது கிராம் இருந்துச்சு. ரெண்டு தடவை போட்டேன். அறுநூத்தி அம்பதேதான்.

தம்பி, ஒரு நிமிசம். இன்னைக்கு எனக்குன்னே சொல்லிப் பாருங்களேன்.